செம்பூர் பயிலகத்துக்குத் திறந்த மூலத் தீயரண்: எதைத் தடுப்பது, எதைப் பார்க்காமல் விடுவது?

செம்பூர்த் தொண்டன் எழுதியது:

வணக்கம். மும்பை செம்பூரில் நம்மவர்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளையின் கணினி வேலைகளை ஊதியமின்றிக் கவனித்து வருகிறேன். தரைத்தளத்தில் அலுவலகம், முதல் மாடியில் மாலை வகுப்புகளுக்கான கணினிக்கூடம், இரண்டாம் மாடியில் திருநெல்வேலி, விழுப்புரம் பக்கங்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் மாணவர்களின் விடுதி என்று மூன்றும் ஒரே கட்டடத்தில் இயங்குகின்றன. அலுவலகத்தில் 6 கணினிகள், கூடத்தில் 24, விடுதியில் எந்நேரமும் 50க்குக் குறையாத கைப்பேசிகள். எல்லாவற்றுக்கும் ஒரே வைஃபை, ஒரே கடவுச்சொல்; அந்தக் கடவுச்சொல் தெருமுனைத் தேநீர்க்கடை வரை தெரியும்.

சென்ற மாதம் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னை அழைத்து, "சார், இது நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டரா?" என்று கேட்டுத் திரையைக் காட்டினான். நன்கொடையாளர்களின் பான் எண்கள் அடங்கிய பகிர்வுக் கோப்புறை அங்கே திறந்து கிடந்தது. அவன் சொன்னதால் தெரிந்தது. சொல்லாமல் எத்தனை பேர் பார்த்தார்களோ. நிர்வாகக் குழு கூடியது. விற்பனையாளர் ஒருவர் தீயரண் (ஃபயர்வால், அதாவது வலைப்போக்குவரத்தைச் சலிக்கும் காவல்) பெட்டி ஒன்றைக் காட்டி, ஆண்டுதோறும் சந்தா கட்டாவிட்டால் தடைப்பட்டியல் புதுப்பிக்கப்படாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாண்டுச் சந்தா பெட்டியின் விலையையே தாண்டுகிறது. எங்கள் கையில் இருப்பது 30,000 ரூபாய். இலவசத் திறந்த மூல மென்பொருளால் இதைச் செய்ய முடியுமா? தகாத தளங்களைத் தடுக்க வேண்டும் என்பதோடு, யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்ற விவரம் தினமும் மாலை அச்சாகித் தம் மேசைக்கு வர வேண்டும் என்று செயலாளர் கேட்கிறார்.

பழைய கம்பி எழுதியது:

அந்தேரியில் 19 ஆண்டுகளாக இதே வேலையைச் செய்து வருவதால் சற்று நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நேர்ந்தது வலைத்தள வடிகட்டலால் தீரும் குறையன்று. மாணவனின் கணினியும் கணக்கரின் கணினியும் ஒரே வலையமைப்பில் இருக்கும்போது, அவை ஒன்றோடொன்று பேசத் தீயரணைக் கடக்க வேண்டிய தேவையே இல்லை. வாசலில் எவ்வளவு விலையுயர்ந்த பூட்டுப் போட்டாலும் உள்ளே அறைக்கு அறை கதவு இல்லையென்றால் என்ன பயன்? ஆகவே முதல் வேலை, விலான் (ஒரே கம்பியில் தனித்தனி வலையமைப்புகளை ஓட்டும் முறை) வழியாக அலுவலகம், கூடம், விடுதி என மூன்று தனி வலையமைப்புகளாகப் பிரிப்பது. அதற்கு விலான் தெரிந்த ஸ்விட்ச் ஒன்றும், ஒன்றுக்கு மேற்பட்ட வைஃபை பெயர்களைத் தரக்கூடிய அக்சஸ் பாயின்டுகளும் வேண்டும். உங்கள் பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகும்.

மென்பொருளைப் பொறுத்தவரை என் பரிந்துரை ஓபிஎன்சென்ஸ் என்ற திறந்த மூலத் தீயரண். 2003இல் மோனோவால் என்ற சிறு திட்டம் தொடங்கியது. அதிலிருந்து 2004இல் பிஎஃப்சென்ஸ் கிளைத்தது. அதிலிருந்து 2015 ஜனவரியில் நெதர்லாந்தைச் சேர்ந்த டெசிசோ நிறுவனம் ஓபிஎன்சென்ஸைப் பிரித்து வெளியிட்டது. அடுத்த மாதமே மோனோவாலை உருவாக்கியவர் தம் திட்டத்தை மூடி, பயனர்களை ஓபிஎன்சென்ஸ் பக்கம் போகச் சொன்னார். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டுமே ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் இயங்குபவை. உள்ளே தரவுப் பொட்டலங்களைச் சலிப்பது, அதன் உறவான ஓபன்பிஎஸ்டியில் 2001இல் பிறந்த பிஎஃப். பிஎஃப்சென்ஸும் நல்ல மென்பொருள்தான். ஆனால் 2021இல் அதன் நிறுவனம் மூடிய மூலப் பதிப்பு ஒன்றைத் தனியாக அறிவித்த பிறகு, இலவசப் பதிப்பின் புதுப்பிப்புகள் மெதுவாகவே வருகின்றன. ஓபிஎன்சென்ஸுக்கு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், பெரும் பதிப்பு வருகிறது. லினக்ஸ்தான் கைவந்தது என்றால் ஐபிஃபயர் இருக்கிறது.

வடிகட்டலுக்கு டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கேட்டால் முகவரி எண்ணைத் தரும் சேவை) அளவிலேயே நின்றுகொள்ளுங்கள். ஓபிஎன்சென்ஸுடன் வரும் டிஎன்எஸ் மென்பொருளான அன்பவுண்டில் தடைப்பட்டியல்களை இணைத்துவிட்டால், பட்டியலில் உள்ள தளத்தின் பெயரை எந்தக் கருவி கேட்டாலும் முகவரி கிடைக்காது. செயலாளர் கேட்கும் மாலை அச்சைப் பற்றி அடுத்துப் பேசுவோம். அதைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

(தீயரண் என்ற சொல்லை இங்கே எழுதுகிறேனே தவிர, மின்னணுக் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் போய் அப்படிக் கேட்காதீர்கள். தீயணைப்புச் சிலிண்டர் விற்கும் கடைக்கு வழி சொல்லிவிடுவார்கள்.)

ஸ்க்விட் அபிமானி எழுதியது:

பெரியவர் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். டிஎன்எஸ் தடை முழுத் தளத்தையும் மூடும் அல்லது திறக்கும். இடைநிலை அதற்குத் தெரியாது. யூடியூபில் பாடம் வேண்டும், குறும்படங்கள் (ஷார்ட்ஸ்) வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? 1996 முதல் இருக்கும் ஸ்க்விட் ப்ராக்ஸியை (எல்லாருக்கும் பதிலாகத் தானே பக்கங்களைக் கேட்டு வாங்கித் தரும் இடைமென்பொருள்) 3128ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசல் எண்) நிறுத்தி, அதில் எஸ்எஸ்எல் இடைமறிப்பை இயக்கி, நம் சான்றிதழை எல்லாக் கணினிகளிலும் நிறுவிவிட்டால் பக்கத்தின் முழு முகவரியும் பதிவாகும். செயலாளர் கேட்கும் அச்சும் கிடைக்கும். தடுக்க ஸ்க்விட்கார்டு, தளங்களை வகைபிரிக்க ஷல்லா பட்டியல், அறிக்கைக்கு லைட்ஸ்க்விட் என்று எல்லாமே இலவசம். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நானே அமைத்தேன்.

பழைய கம்பி எழுதியது:

பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் அமைத்தேன், தம்பி. அந்த வழிகாட்டிகள் இன்னமும் இணையத்தில் கிடக்கின்றன. புதியவர்கள் அவற்றைப் பின்பற்றி வழிதவறுவதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஷல்லா பட்டியல் 2022 தொடக்கத்தில் நின்றுபோனது. இன்றும் பராமரிக்கப்படும் இலவச வகைப்பட்டியல் வேண்டுமென்றால் பிரான்ஸின் துலூஸ் கப்பித்தோல் பல்கலைக்கழகத்தின் பட்டியலை எடுங்கள். ஸ்க்விடில் தீர்க்கப்படாத பாதுகாப்புக் குறைகள் பல 2023இல் வெளியானதை அடுத்து, பிஎஃப்சென்ஸ் அதன் தொகுப்பைக் கைவிடப்போவதாக அறிவித்தது. ஓபிஎன்சென்ஸில் அது தனிச் செருகுநிரலாகக் கிடைக்கிறது. நிறுவுவது உங்கள் பொறுப்பு.

இடைமறிப்பைப் பற்றி. உலாவிக்கும் தளத்துக்கும் இடையே நடக்கும் மறையாக்கப்பட்ட பேச்சை நடுவில் பிரித்து, படித்து, மீண்டும் உறைபோட்டு அனுப்புவதுதான் அது. உலாவி ஏமாற வேண்டுமானால் நம் சான்றிதழை அது நம்ப வேண்டும். கூடத்துக் கணினிகளில் அதைத் திணித்துவிடலாம். விடுதிக் கைப்பேசிகளில்? ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் தாமே சேர்க்கும் சான்றிதழ்களைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. வங்கிச் செயலிகள் பலவும் தங்கள் சான்றிதழை உள்ளேயே பதித்து வைத்திருப்பதால் நடுவில் யார் நுழைந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடும்.

என் தவற்றையே சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை இடைமறிப்பை இயக்கி, நான்கைந்து தளங்களைத் திறந்து பார்த்து, எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை 20ஆம் தேதி. ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். வங்கியின் பணம் செலுத்தும் பக்கம் சான்றிதழ்ப் பிழை காட்டி நின்றுவிட்டது. கணக்கர் தம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து வேலையை முடித்தார். அதாவது, அலுவலகத்திலேயே மிக முக்கியமான பரிமாற்றம் என் தீயரணுக்கு வெளியே நடந்தது. மறுநாள் விலக்குப் பட்டியலில் வங்கிகளைச் சேர்த்தேன், அதற்கு அடுத்த நாள் வருமான வரித் தளம், அப்புறம் காப்பீடு. இரண்டு வாரத்தில் இடைமறிப்பதைவிட விலக்குவதே அதிகமாயிற்று. அணைத்துவிட்டேன்.

வேறொரு கேடும் உண்டு. எல்லாருடைய கடவுச்சொற்களும் திறந்த நிலையில் கடந்துபோகும் ஒரே இடமாக அந்தப் பெட்டி ஆகிவிடுகிறது. ஊதியமில்லாத தொண்டர் ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் பெட்டியில் அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமத்தலாமா? பிரிக்காமல் பார்த்தால் தெரிவது தளத்தின் பெயர் மட்டுமே. அதுவும் இணைப்பின் முதல் செய்தியில் வரும் எஸ்என்ஐ புலத்தில். இன்றைய மறையாக்க நெறிமுறையான டிஎல்எஸ் 1.3இல் தளத்தின் சான்றிதழ்கூட மறைந்துதான் வருகிறது. இந்த எஸ்என்ஐயையும் மறைக்கும் இசிஹெச் முறை உலாவிகளுக்கு வந்துவிட்டது. காற்று அந்தப் பக்கம் வீசுகிறது.

குறும்படக் கேள்வி நியாயமானதுதான். அதைத் தனியே தடுக்க டிஎன்எஸ்ஸால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யூடியூபின் பெயர்களை அன்பவுண்டில் ரெஸ்ட்ரிக்ட்.யூடியூப்.காம் என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டால் கட்டுப்படுத்தப்பட்ட நிலை கட்டாயமாகிவிடும். கூகுள் தேடலுக்கும் அதுபோல ஃபோர்ஸ்சேஃப்சர்ச்.கூகுள்.காம் உண்டு. இதற்கு எதையும் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை.

முலுண்ட் ஆசிரியை எழுதியது:

பள்ளியில் கணினிப் பாடம் எடுப்பவள் என்ற முறையில் ஒரு சொல். எங்கள் பள்ளியில் முன்பிருந்த அமைப்பு, முகவரியில் குறிப்பிட்ட எழுத்துகள் வந்தாலே பக்கத்தை மூடிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் தளம் திறக்கவில்லை. சிவப்புப் பலகையில் "ஆபாசம்" என்று வந்தது. வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் கண்ணீரோடு எழுந்து போனாள். எசெக்ஸும் அப்படித்தான் மாட்டியிருக்கும். உயிரியலில் இனப்பெருக்கப் பாடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே இரண்டு வேண்டுகோள்கள்: சொல்லை வைத்துத் தடுக்காதீர்கள், தடைப்பலகையில் காரணத்தைக் கொட்டை எழுத்தில் எழுதாதீர்கள்.

ரெஸ்ட்ரிக்ட்.யூடியூப்.காம் கடுமையான நிலை. நல்ல பாடக் காணொளிகள் பலவும் அதில் மறைந்துவிடுகின்றன. மிதமான நிலைக்கு ரெஸ்ட்ரிக்ட்மாடரேட் என்ற இன்னொரு முகவரி இருக்கிறது. நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம். இரண்டிலுமே காணொளிக்குக் கீழுள்ள கருத்துகள் தெரிவதில்லை. ஆசிரியர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

செம்பூர்த் தொண்டன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இடைமறிப்பு வேண்டாம் என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். செயலாளர் இன்னும் முகம் கொடுக்கவில்லை. கையில் 2014 வாக்கில் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இருந்தது. அதில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகி, பென் டிரைவிலிருந்து ஓபிஎன்சென்ஸை நிறுவினேன். நிறுவல் அரை மணி நேரத்தில் முடிந்தது. அதன்பின் மூன்று மணி நேரமாக இணையம் வரவில்லை. தீயரணின் பக்கத்தைத் திறக்க 192.168.1.1 என்று கொடுத்தால் சில வேளை அது வருகிறது, சில வேளை இணையச் சேவையாளர் வைத்த வெள்ளைப் பெட்டியின் பக்கம் வருகிறது. எங்கே பிழை?

மாட்டுங்கா மின்னி எழுதியது:

அண்ணா, இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி. சேவையாளரின் ஃபைபர் பெட்டியும் 192.168.1.1, ஓபிஎன்சென்ஸின் உள்பக்க இயல்பு முகவரியும் 192.168.1.1. வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே எண்வரிசையில் இருந்தால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. வெள்ளைப் பெட்டிக் கம்பியைக் கழற்றிவிட்டு, தீயரணின் திரையில் 2ஆம் எண் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்து, உள்பக்கத்தை 192.168.10.1 என்று மாற்றுங்கள். பிறகு கம்பியைச் செருகுங்கள். முடிந்தால் சேவையாளரிடம் சொல்லி வெள்ளைப் பெட்டியை பிரிட்ஜ் நிலைக்கு (இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றி, இணையத்தில் நுழைவதற்கான பிபிபிஓஇ பெயரையும் கடவுச்சொல்லையும் தீயரணிலேயே கொடுங்கள்.

பழைய கம்பி எழுதியது:

மின்னி சொன்னது சரி. கணினியைப் பற்றி ஒன்று. பழைய மேசைக் கணினி பழகுவதற்குப் போதும், நிரந்தரமாக வேண்டாம். இரவு பகலாக 50 வாட் இழுத்தால் மாதம் 36 யூனிட் ஆகிறது. இன்டெல் என்100 சில்லுடன் வரும் நான்கு போர்ட் சிறுபெட்டி 12 வாட்டில் ஓடினால் 9 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். நெட்வொர்க் சில்லு இன்டெல்லாக இருக்கட்டும். ரியல்டெக்குக்கு ஃப்ரீபிஎஸ்டி டிரைவர் எப்போதும் தொல்லைதான்; மாற்று டிரைவர் செருகுநிரலாகக் கிடைக்கிறது என்றாலும், வாங்கும்போதே தவிர்த்துவிடலாம். நினைவகம் 8 ஜிபி. நிறுவும்போது இசட்எஃப்எஸ் கோப்பமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் வெட்டிப் பழைய யூஎஃப்எஸ் கோப்பமைப்பு குலைந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். சிறிய யூபிஎஸ் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செம்பூர்த் தொண்டன் எழுதியது:

சிறுபெட்டி வந்துவிட்டது, விலான்களையும் பிரித்துவிட்டேன். அலுவலகம் 192.168.10, கூடம் 20, விடுதி 30. ஆனால் கூடத்திலிருந்து கணக்கரின் கணினி இன்னமும் தெரிகிறது. "கூடத்திலிருந்து அலுவலகத்துக்குத் தடை" என்று விதி எழுதித்தான் இருக்கிறேன்.

பழைய கம்பி எழுதியது:

அந்த விதி எத்தனையாவது வரியில் இருக்கிறது? மேலே "கூடத்திலிருந்து எங்கும் போகலாம்" என்ற விதி இருக்குமே. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்துவதே செல்லும். "எங்கும்" என்பதில் அலுவலகமும் அடங்கிவிடுவதால் உங்கள் தடை விதி வரை எதுவும் இறங்கிவரவே இல்லை. தடையை மேலே இழுத்து வைத்துச் சேமித்து, "அப்ளை" பொத்தானையும் அழுத்துங்கள். பிறகு அந்தக் கணினியின் பழைய இணைப்பு நிலைகளை நீக்குங்கள். ஏற்கெனவே திறந்த இணைப்பு, விதி மாறினாலும் தொடர்ந்து ஓடும். தீயரணின் நிர்வாகப் பக்கமும் கூடத்திலிருந்தும் விடுதியிலிருந்தும் திறக்கக் கூடாது. அதற்கும் ஒரு தடை எழுதுங்கள்.

அடுத்து, டிஎன்எஸ் வடிகட்டலைச் சுற்றிப் போகும் சந்துகளை அடைக்க வேண்டும். கைப்பேசியில் கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 என்று எழுதிக்கொள்வது முதல் சந்து. டிஎன்எஸ் கேள்விகள் செல்லும் 53ஆம் போர்ட்டுக்குப் போகும் எல்லாவற்றையும், முகவரியை மாற்றியெழுதும் நாட் விதியால் தீயரணின் அன்பவுண்டுக்கே திருப்பிவிடுங்கள். கேட்டவர் 8.8.8.8 பதில் சொல்வதாக நினைத்துக்கொள்வார், சொல்வது நாம். இரண்டாவது, மறையாக்கப்பட்ட டிஎன்எஸ் செல்லும் 853. அதை மூடினால் ஆண்ட்ராய்டின் "தனிப்பட்ட டிஎன்எஸ்" தானியங்கு நிலையில் இருக்கும்வரை சாதாரண வழிக்குத் திரும்பிவிடும். மூன்றாவதுதான் கடினம். 2018இல் தரமாக்கப்பட்ட டிஓஹெச், டிஎன்எஸ் கேள்வியைச் சாதாரண வலைப்போக்குவரத்து போலவே 443 வழியாக அனுப்புகிறது. தெரிந்த டிஓஹெச் சேவைகளின் முகவரிப் பட்டியலைத் தடுக்கலாம், யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ்.நெட் என்ற பெயருக்கு "இல்லை" என்று பதில் தந்தால், பயனர் தாமாக இயக்காதவரை ஃபயர்பாக்ஸ் டிஓஹெச்சைத் தானே அணைத்துக்கொள்ளும். ஐபோன்களில் இதே போலச் சுற்றிப் போகும் பிரைவேட் ரிலே வசதியை நிறுத்த மாஸ்க்.ஐகிளவுட்.காம் பெயருக்கும் அதே பதில். இவ்வளவுக்குப் பிறகும் விபிஎன் செயலி போட்டவன் போவான். சிம் கார்டில் டேட்டா இருப்பவனுக்கு நம் வைஃபையே தேவையில்லை. பிள்ளைகள் தற்செயலாக எதிலும் போய் விழாமல் காப்பதும், நச்சு மென்பொருள் தளங்களை மூடுவதும்தான் இதன் எல்லை. குழுவிடம் இந்த எல்லையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஸ்க்விட் அபிமானி எழுதியது:

யூடிபி 443ஐயும் மூட வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றனவே?

பழைய கம்பி எழுதியது:

யூடிபி 443 வழியே செல்லும் க்விக் என்ற புதிய வலை நெறிமுறை ஸ்க்விடைச் சுற்றிப் போய்விடும் என்பதால் ப்ராக்ஸி வைப்பவர்கள் அதை மூடுவார்கள். டிஎன்எஸ் வடிகட்டலுக்கு அது தேவையில்லை. மூடினால் யூடியூப் மந்தமாவதுதான் மிச்சம்.

தணிக்கைக்காரன் எழுதியது:

பதிவேடுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி, அதில் குறிப்பிடப்பட்ட சைபர் நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாட்கள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். கருவிகளின் நேரத்தை அரசின் நேரச் சேவையகங்களோடு ஒத்திசைக்க வேண்டும். இது உங்கள் அறக்கட்டளையைக் கட்டுப்படுத்துமா என்பது அதன் பதிவையும் செயல்பாட்டையும் பொறுத்தது. உங்கள் தணிக்கையாளரைக் கேளுங்கள். கட்டுப்படுத்தாவிட்டாலும் 180 நாள் பதிவு நல்ல பழக்கம்.

அதே வேளையில் செயலாளருக்கு ஒன்று சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைச் சிறார் என்கிறது. அவர்களைப் பின்தொடர்வதற்கும் அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் தடை விதிக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்புக்குட்பட்ட விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பி, பத்தாம் வகுப்புப் பையன் பார்த்த பக்கங்களைத் தினமும் அச்சிட்டு மேசையில் அடுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பதிவு இருக்கட்டும்; பூட்டி இருக்கட்டும்; சிக்கல் வந்தால் இருவர் சேர்ந்து திறக்கட்டும்.

செம்பூர்த் தொண்டன் எழுதியது:

ஆறு வாரங்கள் ஆயின, நிலவரத்தைச் சொல்கிறேன். விதியின் வரிசையை மாற்றியதும், பழைய இணைப்பு நிலைகளை நீக்கியதும், கணக்கரின் கணினி கூடத்திலிருந்து மறைந்தது. முதலில் அதைக் காட்டித் தந்த மாணவனையே அழைத்துச் சோதிக்கச் சொன்னேன். இருபது நிமிடம் முயன்றுவிட்டு, "போச்சு சார்" என்றான். எங்களிடம் உள்ள இரண்டு இணைய இணைப்புகளையும் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்த முயன்றபோது வங்கித் தளம் அடிக்கடி வெளியேற்றியது. முகவரி மாறிக்கொண்டே இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று மின்னி சொன்னதால், ஒன்று விழுந்தால் மற்றொன்று எழும்படி மாற்றிவிட்டேன். அமைப்புக் கோப்பின் நகல் வாரந்தோறும் எடுக்கப்பட்டு அலுவலக அலமாரியில் பென் டிரைவில் இருக்கிறது. நிர்வாகக் கடவுச்சொல் உறையில் இடப்பட்டுப் பொருளாளரிடம் இருக்கிறது. நான் ஊருக்குப் போனால் என்ன செய்வது என்று மூன்று பக்கம் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆசிரியை அம்மா சொன்னபடி, எந்தத் தளம் தவறாக மூடப்பட்டாலும் எழுதி வைக்கக் கூடத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. இதுவரை 11 பதிவுகள். ஒன்பதை அன்றன்றே திறந்துவிட்டேன்.

செயலாளருக்குத் தினசரி அச்சு இல்லை. மாறாக, அன்பவுண்டின் அறிக்கைப் பக்கத்திலிருந்து, ஆள் பெயரோ கருவிப் பெயரோ இல்லாமல், அதிகம் கேட்கப்பட்ட தளப் பெயர்களின் பட்டியல் வாரம் ஒரு தாளாகப் போகிறது. முதல் தாளை அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கவனமாகப் படித்தார். உச்சியில் விண்டோஸ் புதுப்பிப்பு முகவரிகள், அடுத்து கூகுளின் எழுத்துரு முகவரி. "இவ்வளவு பேர் இதைப் பார்க்கிறார்களே, இதையும் தடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பழைய கம்பி எழுதியது:

அவற்றைப் பிள்ளைகள் பார்க்கவில்லை, கணினிகளே கேட்கின்றன என்று சொல்லுங்கள். எழுத்துரு முகவரியைத் தொடவே வேண்டாம். பாதித் தளங்கள் அலங்கோலமாகிவிடும். புதுப்பிப்பையும் தடுக்க வேண்டாம். 24 கணினிகளும் மாலை 5 மணிக்கு ஒன்றாக எழுந்து பதிவிறக்குவதால்தான் வகுப்பு நேரத்தில் இணையம் திணறும். விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷனில் உள்வலையிலுள்ள கணினிகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் விருப்பத்தை இயக்குங்கள். இணைய வேகத்தைப் பங்கிடும் ஷேப்பரில் அலுவலகத்துக்கு ஒரு பங்கை ஒதுக்கிவையுங்கள். அடுத்த வாரத் தாளை இங்கே சொல்லுங்கள், பார்ப்போம்.